புரியவில்லை என்று சொல்லாதவள்

சின்னவளுக்கு அரபு தண்ணி பட்ட பாடு என்று ஊரே நம்பியது. ஊர் என்றால் யார்? அவளுடைய அம்மா, அப்பா, நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா, அப்புறம் அக்காவின் வாயில் அகப்பட்ட அத்தனை பேரும். கடல் தாண்டிப் போய், அந்த மொழி பேசுகிறவர்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கிறாள் என்றால் சும்மாவா? வகுப்பிலும் அவள்தான் முதல். பலகையில் எழுதிய வாக்கியத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டுவாள். வாத்தியார் மற்றவர்களிடம், இவளைப் பாருங்கள் என்பார். அதுவே வினையாகப் போனது.

வகுப்பில் சொல்லித்தந்தது புத்தகத்து அரபு, செய்தி வாசிக்கிற மாதிரி. தங்கியிருந்த வீட்டில் பேசியதோ பாதியை விழுங்கி மீதியை ஒட்டவைத்து மூச்சு விடாமல் ஓடுகிற பேச்சு. வீட்டுக்காரம்மா தையல் வேலை செய்கிறவர், கணவரை இழந்தவர். கூடத்தில் அவருடைய மெஷின், பக்கத்தில் வெட்டிவைத்த பள்ளிக்கூடச் சீருடைத் துணி. சாயங்காலம் மேஜையில் தட்டை வைத்தாரோ இல்லையோ, பேச ஆரம்பித்துவிடுவார்.

முதல் நாளே புரியவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். முதல் மார்க் வாங்குகிற வாய் அதைச் சொல்லுமா? சின்னவள் சிரித்தாள், தலையாட்டினாள். தையல்காரம்மாவின் முகம் வாடினால் உச்சுக்கொட்டவும், அவர் சிரித்தால் கூடச் சிரிக்கவும், நடுநடுவே ஓர் “அப்படியா” செருகவும் பழகிக்கொண்டாள். அதில் மட்டும் படு கெட்டிக்காரி. என்ன பொறுமையாகக் கேட்கிறது இந்தப் பெண் என்று அந்த அம்மாவும் இன்னும் மனம்விட்டுப் பேசினார். ஒரு நாள் பேசிக்கொண்டே அவர் அழுதபோது இவளும் அழுதாள். எதற்கு என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

“வீட்டம்மா பேசுறதெல்லாம் புரியுதாடி?” என்று அக்கா போனில் கேட்பாள்.

“எல்லாம் புரியுதுக்கா. ரெண்டு பேரும் பேச உட்கார்ந்தா நேரம் போறதே தெரியாது.”

பாதி உண்மைதான். பேசியது ஒருத்தர்.

ஒரு சாயங்காலம் தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கத்தைவிட நீளமாக ஏதோ சொன்னார். நாளைக்கு, காலை, வாசல் என்று மூன்று வார்த்தைகள் சின்னவள் காதில் தேறின. காலையில் வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். “கட்டாயம்மா” என்றாள். அவர் திரும்பக் கேட்டார். “கட்டாயம், கட்டாயம்.” அந்த அம்மா அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் அவள் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கதவை ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தால், தையல்காரம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் மெதுவான குரலில் என்னவோ கேட்டார். நம் ஆள் என்ன செய்தாள்? சிரித்தாள். சிரித்துத் தலையையும் ஆட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை அவர் மகள் போன் செய்தாள். தூரத்து நகரத்தில் பள்ளி ஆசிரியை, கைக்குழந்தைக்காரி. புத்தகத்து அரபிலேயே நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையும் சின்னவள் காதில் சுத்தமாக விழுந்தது.

“அம்மாவுக்கு இன்னைக்குக் கண் ஆபரேஷன்னு உனக்குத் தெரியும். கூட ஒரு ஆள் இல்லாம செய்ய மாட்டாங்க. விடியக்காலையிலேயே அவங்க போய் வரிசையில இடம் பிடிக்க, நீ வகுப்புக்குப் போகாம ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துடுறதா சொன்னியாமே. உன்னை நம்பித்தான் நான் கிளம்பலை. பேர் கூப்பிட்டப்பவும் வாசலையே பாத்துட்டு நின்னிருக்காங்க. இனிமே குளிர்காலம் முடிஞ்சுதான் தேதி தருவாங்களாம். கண்ணு சரியாத் தெரியாம தையல் கோணுதுன்னு கடைக்காரர் துணி தர்றதை நிறுத்திட்டாரு. உனக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு அம்மா கேட்டதுக்கு நீ சிரிச்சியாமே?”

சின்னவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டு அழுதாள்.

“திடீர்னு காய்ச்சல்னு சொல்லிடுடி,” என்றாள் அக்கா. “எதுக்கு மானத்தை வாங்கிக்கிற?”

அந்தப் பொய்க்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அவளிடம் இருந்தன. அதைச் சொல்லத்தான் அந்த அம்மாவின் அறைக்குப் போனாள். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் காய்ச்சல் வாயில் வரவில்லை.

“நீங்க சொன்னது எனக்குப் புரியலைம்மா,” என்றாள். “புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்.”

தையல்காரம்மா திரும்பினார். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். “நேத்து மட்டுமா?”

இங்கேயாவது ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

“இல்லம்மா. வந்ததுலேருந்து.”

அவர் கேட்டார். “அப்போ, என் பையனைப் பத்திச் சொன்னது?”

அந்த அம்மாவுக்கு ஒரு பையன் இருந்தான் என்பதே சின்னவளுக்கு அப்போதுதான் தெரியும்.

“அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல,” என்றார் அவர். “நீ அழுதியே.”

சின்னவள் கூனிக்குறுகி நின்றாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நான் வருகிறேன் என்று குழறினாள்.

“வேண்டாம். பொண்ணு வருவா.”

காலையில் அவள் எழுந்து வந்தபோது அந்த அம்மா மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குச் சொல்வது போல மேஜையைக் கையால் காட்டினார்.

“சாப்பாடு. மேஜை மேல. இருக்கு.”

சாப்பிட்டு முடித்ததும், “கதவு. பூட்டிட்டு. போ.”

படிப்பு முடிந்து அவள் பெட்டி கட்டுகிற வரைக்கும் தையல்காரம்மா அப்படித்தான் பேசினார். அவளுக்குப் புரியாத ஒரு வார்த்தையும் அதன்பிறகு அவர் அவளிடம் சொல்லவில்லை.