பூட்டு இல்லாத சுவிட்ச்

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு வேலையிடத்தில் ரேடியோ என்று பெயர். எட்டு மாடி ஏறினாலும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏறுவார். அந்த மனிதரைத்தான் நிமோனியா படுக்கையில் தள்ளி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்காகத் தொண்டைக் குழாயோடு கிடக்க வைத்தது. வீடு திரும்பியபோது தண்ணீர்ச் சொம்பைத் தூக்கக்கூடக் கையில் தெம்பில்லை. குரல் பாதிதான் திரும்பியிருந்தது. "ரேடியோவுக்கு பேட்டரி வீக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று மனைவி வந்தவர்களிடம் சிரித்துவிட்டு, சமையலறைக்குள் போய் அழுவாள்.

மாதங்கள் போகப் போக உடம்பு ஓரளவு தேறியது. தேறாதது வேறொன்று. மயங்கிக் கிடந்தபோது தன் கட்டிலே ஒரு லிஃப்ட் என்று நம்பியிருந்தார். எந்த மாடியிலும் நிற்காமல் அது கீழே, கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. தலைமாட்டுக் கருவி ஒவ்வொரு முறை 'பீப்' என்றபோதும் ஒரு மாடி கழிந்தது. இப்போதும் அதுபோலச் சத்தம் கேட்டால் போதும், ஆள் இருந்த இடத்திலேயே காணாமல் போய்விடுவார். திரும்பி வரும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

இதை டாக்டரிடம் அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால் வேலைக்குப் போகக் கிடைத்த அனுமதி பறிபோகும். இன்னும் கொஞ்ச நாள் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தார். பயம் நியாயம்தான். அதற்காக வாயை மூடிக்கொண்டாரே, அதுதான் வினையாகப் போயிற்று.

கூட வேலை பார்த்தவன் மனைவியின் தம்பி. லிஃப்டின் அடிக்குழியில் இறங்குகிறவன் முதலில் மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் அதைப் போட்டுவிடாதபடி தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற அப்பனையே காவலுக்கு வைத்தாலும் பூட்டு போட்டாக வேண்டும். இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. மச்சினன் அன்று பூட்டு போடவில்லை. காரணம் சோம்பல் இல்லை, பாசம்.

"மாமா, நீங்க லிஃப்ட்லயே மேல போயி, சுவிட்ச அணைச்சிட்டு ஸ்டூல் போட்டு ஒக்காருங்க. குழியில இருக்கற ஸ்டாப் பட்டன் வேலை செய்யல, அத மாத்திட்டு வந்துடறேன். நீங்க இருக்கும்போது எனக்கெதுக்குப் பூட்டு?"

அந்தப் பேச்சில் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவன் தன்னை முழு ஆளாக மதிக்கிறான். அவ்வப்போது நினைவு தப்பிப் போகிறது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டாம் மாடியில் இறங்கி, மோட்டார் அறைக்கு ஏறி, சுவிட்சை அணைத்தார். அது கரண்ட் வந்ததும் தானாகவே கீழ்த்தளத்துக்கு ஓடிவிடும் பழைய லிஃப்ட்.

சுவிட்ச் அணைந்து கரண்ட் போனதும் மூலையிலிருந்த யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.

பீப். பீப்.

நினைவு வந்தபோது அவர் ஸ்டூலில் இல்லை, சுவிட்சின் முன்னால் நின்றிருந்தார். கை அதன் பிடிமேல் இருந்தது. சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிடப் போனவர் மோட்டார் பக்கம் திரும்பினார். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இடையில் அந்தக் கை சுவிட்சைப் போட்டு அணைத்திருக்கிறது.

தன் பூட்டை எடுத்துச் சுவிட்சில் போட்டார். இரண்டு முறை தவறியது. பிறகு படியில் இறங்கினார். எட்டாம் மாடிக் கதவின் சின்னக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். சற்றுமுன் அவர் வந்திறங்கிய லிஃப்ட் அங்கே இல்லை. மச்சினனைக் கூப்பிட்டார். கூப்பிட்டது அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஏழாம் மாடிக் கண்ணாடியில் இருட்டு. ஓடலாம் என்றால் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, மூச்சை வாங்கி, மறுபடி இறங்கினார். ஆறாம் மாடியிலும் இருட்டு. மனைவியிடம் என்னவென்று போய்ச் சொல்வது? ஐந்தாம் மாடியில் உட்கார்ந்தே விட்டார். பிறகு படிப்படியாக, உட்கார்ந்தபடியே நகர்ந்தார்.

இரண்டாம் மாடிக் கண்ணாடியில் லிஃப்ட் நின்றது.

கீழே போய்க் கதவைத் திறந்தபோது, குழிக்குள்ளிருந்து மச்சினன் திருப்புளியோடு நிமிர்ந்தான்.

"என்ன மாமா, இப்படி வேர்த்திருக்கு? லிஃப்ட் கிடுகிடுன்னு எறங்கிச்சு. கத்திக் கூப்பிட்டேன், பதிலே வரல. உங்களுக்குத்தான் சத்தமா பேச முடியாதே. சரி, மாமா ஏதோ சோதிச்சுப் பாக்கறாருன்னு நான்பாட்டுக்கு வேலையப் பாத்தேன்."

அவர் தரையில் அமர்ந்தார். மேலே போட்ட பூட்டின் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"நான் அங்க இல்லடா," என்றார்.

"எங்க இல்ல? மேலதானே இருந்தீங்க?"

மூடிய விரல்களை அவர் விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மச்சினன், மெதுவாகத் தலையைத் தூக்கி, மேலே தொங்கும் லிஃப்டின் அடிப்பாகத்தைப் பார்த்தான்.