படகில் போன சேலைக்கரை

போன சனிக்கிழமை பிளவுஸ் தைக்கக் கொடுப்பதற்காகச் செல்வி அக்காவின் கடைக்குப் போயிருந்தேன். பாரிசின் லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் இருக்கிற கடை. முன்பக்கம் சேலை, பின்பக்கம் தையல். சுவரில் எந்நேரமும் ஒரு டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் அணைத்தால் கடை இருண்ட மாதிரி இருக்கும்.

அன்றைக்கு ஏதோ ஒரு சர்வதேச விளையாட்டு விழாவின் தொடக்கம். நாடு நாடாகக் கொடியோடு வந்துகொண்டிருந்தார்கள். செல்வி அக்கா மெஷினை விட்டு எழுந்தார். ரிமோட்டை எடுத்தார். டக்கென்று அணைத்துவிட்டார்.

"ஏன் அக்கா, நல்லாத்தானே போகுது?" என்றாள் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

"கண் கூசுது" என்றார் அக்கா.

கண்ணும் கூசவில்லை, ஒன்றும் கூசவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

ஒலிம்பிக்ஸ் பாரிசுக்கு வந்த கோடை நினைவிருக்கிறதா? எங்கே பார்த்தாலும் இரும்புத் தடுப்பு, போலீஸ், பூட்டிய மெட்ரோ வாசல்கள். "சனம் வருமெண்டாங்கள், இருந்த சனமும் ஓடிட்டுது" என்று நம் கடைக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

தொடக்க விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. நான் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீடு புறநகர் பியர்ஃபித்தில். வழியில் இறங்கி அக்காவின் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவது பழக்கம். அன்றும் அப்படித்தான் நுழைந்தேன். உள்ளே வயதான ஒரு ஆப்பிரிக்கரும், ஒல்லியாக உயரமாக ஓர் இளம் பெண்ணும் நின்றார்கள். அவர் கையில் ஒரு துணிக் கட்டு.

"நல்ல நேரத்துக்கு வந்தாய் பிள்ளை" என்றார் அக்கா. "உவை வேகமாப் பிரெஞ்சு கதைக்கினம். என்ன வேணுமாம் எண்டு கேள்."

கேட்டேன். அவர் பெயர் பக்காரி. ஊரில் விளையாட்டு வாத்தியார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாடு, அதன் ஒலிம்பிக்ஸ் அணியை அழைத்து வந்திருக்கிறார். நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் என்று தெரிந்ததும் அவர் முதலில் கேட்டுக்கொண்டது இதைத்தான்: "நாட்டின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் மதாம். பெட்டி தொலைந்த கதையை வைத்து ஊரில் என்னை ஒரு வழி பண்ணிவிடுவார்கள்." ஆகவே பெயர் இல்லை.

என்ன பெட்டி? தொடக்க விழாவுக்கு அணி உடுத்த வேண்டிய ஆடைகள் இருந்த பெட்டி. விமானம் மாறிய இடத்தில் எங்கேயோ தங்கிவிட்டது. இவர்கள் வந்துவிட்டார்கள், ஆடை வரவில்லை. பார்பெஸ் பக்கம் போய்த் துணி வாங்கிவிட்டார்கள். ஆனால் அங்கே இருக்கும் ஆப்பிரிக்கத் தையல்காரர்களுக்குக் கோடைக் கல்யாணங்கள்... தலை நிமிர நேரமில்லை. அவர்களில் ஒருவர்தான் சொல்லியிருக்கிறார்: "லா சப்பலுக்குப் போங்கள். அங்கே இருக்கிற இந்தியர்கள் ஒரே நாளில் கல்யாண பிளவுஸ் தைப்பார்கள்."

"நாங்கள் இந்தியன் இல்லையெண்டு முதல்ல சொல்லு" என்றார் அக்கா. அளவு நாடாவை அதற்குள் கையில் எடுத்துவிட்டார்.

செல்வி அக்கா மன்னார்க்காரர். கணவர் அன்ரன் அண்ணைதான் கடையில் துணி வெட்டுகிறவர். போனில் தொலைந்த ஆடையின் படத்தைக் காட்டினார் பக்காரி. முழங்காலுக்குக் கீழே இறங்குகிற தளர்வான நீள அங்கி. அன்ரன் அண்ணை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். "பாதிரியாரின்ர அங்கி மாதிரித்தான். வெட்டலாம்" என்றார்.

பிறகு அந்தப் பெண்ணின் அளவை எழுத பேனாவை எடுத்தார்.

"அவாவின்ர பேர் என்ன?"

நான் கேட்டுச் சொன்னேன். "அவா."

"அவாதான். அவாவின்ர பேரைத்தான் கேக்கிறன்."

"பேரே அவாதான் அண்ணை!"

கடை முழுக்கச் சிரித்தது. ஏன் சிரிக்கிறோம் என்று நான் விளக்கியதும் அந்தப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மொழியில் ஒரு பெண்ணை 'அவர்' என்று மரியாதையாகக் குறிக்கிற சொல் தன் பெயர் என்பது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அவா நூறு மீட்டர் ஓடுகிறவள். அளவு கொடுக்க வந்தவள் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பயிற்சி முடிந்ததும் வந்து பின்பக்கம் உட்கார்ந்துகொள்வாள். அக்கா கொடுக்கிற ரோல்ஸைச் சாப்பிடுவாள். தைத்த நூலின் முனைகளை நறுக்கிக் கொடுப்பாள்.

"ஓட்டத்துக்கு முதல் பயமா இல்லையோ எண்டு கேள்" என்றார் அக்கா.

அவா சொன்னதை அப்படியே தருகிறேன். "ஓட்டம் முதல் சுற்றோடு முடிந்துவிடும். எனக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா ஓட்டத்தைப் பார்க்கமாட்டாள். நான் பின்னால் வருவதைப் பார்க்க அவளுக்கு மனசு வராது. அவள் பார்க்கப்போவது படகைத்தான். அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டு வைத்திருக்கிறாள். படகுதான் என்னுடைய போட்டி."

அந்த வருடம் அணிகள் மைதானத்தில் நடக்கவில்லை அல்லவா? செய்ன் நதியில் படகில்தானே போனார்கள்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"எத்தினை பேர் இவையின்ர ரீம்?"

"விளையாடுகிறவர்கள் ஐந்து பேர்."

"அஞ்சு பேரோ! ஒரு நாட்டுக்கு?"

அன்ரன் அண்ணை கத்தரிக்கோலை நிறுத்தாமல் சொன்னார்: "அஞ்சு பேரெண்டாலும் உவைக்குப் படகிலை ஒரு இடம் கிடக்கு."

ஈழத்தமிழர் என்று எங்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை என்பதை அந்தத் தெருவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இதை நான் அவாவுக்கு மொழிபெயர்க்கவும் இல்லை.

அக்கா எழுந்து முன்பக்கம் போனார். ஒரு பட்டுச் சேலையின் மிச்சத் துண்டோடு திரும்பி வந்தார். விரல் அகலச் சரிகைக் கரை. அவாவின் நீல அங்கியின் கழுத்தில் வைத்துப் பார்த்தார். "வேணுமோ எண்டு கேள்."

கேட்கவே தேவையிருக்கவில்லை. அவா கண்ணாடியை விட்டு நகரவில்லை. பக்காரி தாடையைத் தடவினார், பிறகு எல்லா அங்கிக்கும் வைக்கச் சொன்னார்.

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எங்களுடைய சேலைக்கரை செய்ன் நதியில் போகப்போகிறது! ரூ லூயி-பிளாங்கில் போன் கடை வைத்திருப்பவர்கூட வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

விழா மாலை. அக்கா கடையில் நாற்காலி போதாமல் துணி மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். டீ, பாட்டீஸ், குழந்தைகள், இரைச்சல்.

மழை தொடங்கியது.

சாதாரண மழையா அது? நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பாரிஸ் தன் வாழ்நாளில் சேர்த்து வைத்த மழையை எல்லாம் அன்றைக்கு என்று கொட்டியது. படகுகள் வந்தன. பெரிய நாடுகளுக்குப் பெரிய படகு. சின்ன நாடுகள் மூன்று நான்கு சேர்ந்து ஒன்றில். எங்கள் நாட்டின் பெயர் — ஆமாம், அதற்குள் அது எங்கள் நாடாகிவிட்டிருந்தது — திரையில் வந்தது.

"வருகினம், வருகினம்! சத்தம் போடாதேங்கோ!"

வந்தார்கள். எல்லோரும் மழைக்கோட்டில்.

தலை முதல் கால் வரை பிளாஸ்டிக். தொப்பியை இழுத்து முகத்தின்மேல் விட்டிருந்தார்கள். கழுத்துத் தெரியவில்லை, கரை தெரியவில்லை, நீலமே தெரியவில்லை. கைகள் மட்டும் ஆடின.

"எது அவா?" என்றார் அக்கா, திரைக்குக் கிட்டப் போய்.

"அந்த ஓரத்திலை நிக்கிறதோ?"

"அது ஆம்பிளைப் பிள்ளையப்பா."

அதற்குள் கேமரா வேறு படகுக்குப் போய்விட்டது. திரும்ப வரவில்லை. போன் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். அக்கா கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "நல்லது. உடுப்பு நனையேல்லை."

அடுத்த வெள்ளிக்கிழமை அவா ஓடினாள். ஆபீசில் போனை மேசைக்கு அடியில் வைத்து நான் பார்த்தேன். அவள் சொன்னபடியே முதல் சுற்றோடு முடிந்தது. கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். கடையில் யாரும் பார்க்கவில்லை. அது வேலை நேரம்.

மறுநாள் சனிக்கிழமை. லா சப்பலின் சனிக்கிழமையை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? தெருவில் நடக்க இடமில்லை. கடைக்குள் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். மணப்பெண்ணுக்குப் பின்பக்கத் திரைக்குள் அக்கா பிளவுஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்பக்கம் என் சேலைக்காகக் காத்திருந்தேன்.

அவா வந்தாள். அந்த நீல அங்கியில்.

நேரில் பார்த்தேன் என்பதால் சொல்கிறேன்... எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! மெட்ரோவில் அப்படியே வந்திருக்கிறாள். கழுத்தில் சரிகை மின்னியது. ஆனால் முகம் சரியில்லை.

"அம்மா போன் செய்தாள்" என்றாள் என்னிடம். "ஓட்டம் முடியட்டும் என்று இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தாளாம். படகு விழாவைக் கடைசி வரைக்கும் பார்த்தாளாம். என்னைக் காணவில்லையாம். நீ படகில் போகவே இல்லையா என்று கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிகள் நான் ஏதோ பொய் சொல்லியிருக்கிறேன் என்கிறார்களாம். ஆடையைத் தைத்தவர்களோடு நின்று ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். இன்றைக்கே நாங்கள் கிளம்புகிறோம்."

போட்டி முடிந்தவர்கள் இரண்டொரு நாளில் விளையாட்டுக் கிராமத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி.

நான் திரைக்கு அருகில் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்காவின் வாயில் குண்டூசிகள். "அஞ்சு நிமிஷம் பிள்ளை. இருக்கச் சொல்லு. ரீ ஒண்டு குடு."

அவா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே மணப்பெண்ணின் அம்மாவுக்குக் கை நீளம் பிடிக்கவில்லை. முழங்கை வரைக்குமா, அதற்கு மேலேயா? பேச்சு வளர்ந்தது. தங்கை ஒன்று சொன்னாள், மாமி ஒன்று சொன்னார். அன்ரன் அண்ணைக்கு முன்னால் நாலு பேர் துணியை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் திரும்பவும் போய்ச் சொன்னேன். "இந்தா வாறன், இந்தா வாறன்" என்று குரல் மட்டும் வந்தது.

"நான் ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று அவாவைக் கேட்டேன்.

"அவர் வரட்டும். அவரோடுதான்" என்றாள்.

அவள் போன் அடித்தது. பக்காரி. விமான நிலையத்துக்குப் பஸ் தயாராம். அவா எழுந்தாள். திரைக்கு முன்னால் போய் நின்றாள். திறக்கக் கூச்சம் போலிருக்கிறது. "மெர்சி, மதாம் செல்வி" என்று அந்தத் திரையிடம் சொன்னாள். உள்ளே இருந்த சத்தத்தில் அது கேட்டிருக்குமா? என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வெளியே வந்தார். குண்டூசிகளை எடுத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு. படத்துக்காக வாரியிருக்கிறார்.

"எங்கை பிள்ளை?"

சொன்னேன்.

"மடு மாதாவே!" அக்கா செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார். முன்னால் நின்றவர்கள் நீட்டிய துணிகளை விலக்கிவிட்டு அன்ரன் அண்ணை மெட்ரோ படிக்கட்டு வரைக்கும் ஓடினார். ஓட்டக்காரியை அவர் எங்கே பிடிப்பது? மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். பக்காரியின் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அது இங்கே வந்ததும் வாங்கிய தற்காலிக சிம். அன்று மாலையே அணைந்துவிட்டது. அவாவின் நம்பரை நாங்கள் யாருமே கேட்டு வைக்கவில்லை. தினமும் வருகிறவளிடம் நம்பர் எதற்கு?

அன்று கூட்டம் கலைந்த பிறகு அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. அவள் பதக்கத்தோடை வந்திருந்தா, நான் ஊசியையும் துணியையும் எறிஞ்சுபோட்டு ஓடி வந்திருப்பன்தானே?"

அக்கா மட்டுமா? தெரு முழுக்க ஓடி வந்திருக்கும். போன் கடைக்காரர் செல்ஃபி எடுத்திருப்பார். நானும் இந்தப் பத்தியை அந்த வாரமே எழுதியிருப்பேன், அவள் நாட்டின் பெயரோடு, பெரிய எழுத்தில். தோற்றவர்கள் கொஞ்சம் காத்திருக்கலாம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறோம்.

அந்த அம்மா இப்போதாவது மகளை நம்பியிருப்பாரா? ஆடை கையில் இருக்கிறதே, காட்டியிருப்பாள் என்று நான் அக்காவுக்குச் சமாதானம் சொல்கிறேன். அக்கா தலையாட்டுகிறார். நம்பித் தலையாட்டவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தக் கல்யாண பிளவுஸ் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுவாரமே கடைக்கு வந்துவிட்டது. கை நீளம் சரியில்லையாம். பிளவுஸ்கள் எப்படியும் திரும்பி வந்துவிடுகின்றன.