மஞ்சளிலேயே நின்ற இரண்டாவது விளக்கு

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். டிப்ளமோவைப் பாதியில் விட்ட எனக்கு, இரண்டு பக்கம் எழுது என்றால் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி வேர்க்கும். ஆனால் நம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், கஸ்டமர் புரோகிராமில் ஒரு தப்பைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, "யாருக்குமே தெரியாதுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அவருக்காக எழுதுகிறேன்.

அப்போது ஆபீஸ் சிங்காநல்லூரில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. நானும் ஜோசப்பும்தான் ஆள். அவன் எம்.எஸ்சி. புரோகிராம் எழுதுவது அவன். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கஸ்டமரிடம் மாட்டிவிட்டு, சொல்லிக் கொடுத்து வருவது நான். ஒரு வரிக்கு ஒரு டீ குடிக்கிறவன் என்று அவனை ஓட்டுவேன். அவன் அடுத்த டீயைக் குடிப்பான்.

சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கம்பெனிக்கு நாங்கள் ஒரு புரோகிராம் கொடுத்திருந்தோம். தறியில் பூ விழ வேண்டும் என்றால், ஓட்டை குத்திய ஜக்கார்டு அட்டைகள் வேண்டும். டிசைனை ஸ்கிரீனில் வரைந்து பட்டனை அமுக்கினால் மெஷின் அட்டையைக் குத்தித் தள்ளும். லினக்ஸ் அப்போதுதான் சிடியில் கைக்குக் கை வந்துகொண்டிருந்தது. ஜோசப் அதில்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

ஸ்கிரீனில் தெரியும் புரோகிராம் தானே அட்டை குத்தாது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சின்னப் புரோகிராமைக் கிளப்பிவிடும். சைல்டு பிராசஸ் என்பார்கள். அது ஓடும்வரை அந்த மெஷினுக்கு மஞ்சள் விளக்கு எரியும், முடிந்தால் பச்சை. மஞ்சள் எரியும்போது தொடக் கூடாது, அடுத்த டிசைனும் அனுப்ப முடியாது. இதை நான்தான் அங்கே பூங்கொடிக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெட்ஷீட்டுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த பெண். படம் நன்றாக வரைகிறாள் என்று முதலாளி கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார். நான் அவளை 'டைரக்டர் அம்மணி' என்று கூப்பிடுவேன்.

அப்புறம் கம்பெனியில் இரண்டாவது மெஷின் வாங்கினார்கள். போனில் அவ்வப்போது விசாரிப்பேன். "நல்லாத்தானுங்க ஓடுது" என்பாள். முதலாளியும் அதையேதான் சொல்வார். நம் ஊர்ப்பக்கம் சாம்பாரில் உப்பே இல்லை என்றாலும் அருமைங்க என்பார்கள். நான் அதை மறந்துவிட்டேன்.

ஒருநாள் முதலாளியே கூப்பிட்டார். "தம்பி, ஒரு எட்டு வந்துபோட்டுப் போங்க. எங்கக்கா பையன் திங்கக்கெழம வாரான். அவனுக்குச் சொல்லிக் குடுக்கோணும்."

"பூங்கொடி எங்கீங்க போகுது?"

"மறுபடி தையலுக்குத்தானுங்க. நல்ல புள்ளதான். ஆனா ரெண்டாவது மெஷின் வந்ததுல இருந்து கையக் கட்டிட்டுச் சும்மா உக்காந்திருக்குது. கேட்டா மஞ்சளுங்குது. திடீர்னு கம்ப்யூட்டர ஆப் பண்ணிப் போடுது. அதுக்கு இது ஒத்து வரலீங்க."

மறுநாளே பஸ் ஏறினேன். பூங்கொடி கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒப்படைத்துவிட்டுப் போகிற மாதிரி.

"ஏனுங்க டைரக்டர் அம்மணி, ரிட்டயர்மென்டா?"

அவள் சிரிக்கவில்லை. நான் ஒரு மெஷினை ஓட்டினேன், பச்சை வந்தது. இரண்டிலும் இரண்டு டிசைன் போட்டேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை வந்தது.

"நல்லாத்தான ஓடுது?"

"அப்படி இல்லீங்க சார்" என்றாள் மெதுவாக. "நாங்க ரெண்டுலயும் ஒரே டிசைன்தானுங்க போடுவோம். ரெண்டு தறிக்கும் ஒரே பூவுங்க."

போட்டேன். இரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் குத்தி முடித்து நின்றன. ஒரு விளக்கு பச்சை ஆனது. இன்னொன்று மஞ்சளிலேயே நின்றது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்து போட்டால் ஒழிய அது மாறாது.

"இத ஏன் போன்ல சொல்லல?"

"நீங்கெல்லாம் படிச்சு எழுதுனது. நாந்தான் ஏதோ தப்பா அமுத்தறேன்னு நெனச்சேனுங்க."

முதலாளி ரூமிலிருந்து ஜோசப்புக்குப் போன் போட்டேன். ஓடும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்க்கச் சொன்னான். இரண்டாவது சைல்டு செத்துக் கிடந்தது, ஆனால் பட்டியலை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் 'டிஃபங்க்ட்' என்று இருந்தது. அதைப் படித்துச் சொன்னேன்.

"புரிஞ்சுதுடா" என்றான். "சைல்டு முடிஞ்சா சிஸ்டம் ஒரு சிக்னல் அனுப்பும். நம்ம புரோகிராம் அப்ப பெரிய டிசைன வரஞ்சிட்டிருந்தா அது காத்துக் கெடக்கும். அதுக்குள்ள ரெண்டாவதும் முடிஞ்சா, இன்னொரு சிக்னல் சேராது. ஒண்ணுதான் நிக்கும். நான் ஒரு சிக்னலுக்கு ஒரு தடவதான் 'யாரு முடிஞ்சது'ன்னு கேக்கறேன். இனி யாருமில்லேன்னு பதில் வர்ற வரைக்கும் கேட்டிருக்கணும்."

நம் ஆபீஸில் மெஷின் கிடையாது. டெஸ்ட் பண்ணும்போது இரண்டு சைல்டையும் நாங்கள் ஒன்றாக முடியவிட்டதே இல்லை.

"ரெண்டு வரிதான், சொல்றேன், எழுதிக்க. மாத்திட்டு, புது வெர்ஷன்னு சொல்லிட்டு வந்துரு."

நான் பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். "ஜோசப்பு, திங்கக்கெழம அந்தப் பையன் வந்து உக்காருவான். ரெண்டும் பச்சை வரும். அப்ப பூங்கொடியப் பத்தி முதலாளி என்ன நெனைப்பாரு?"

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.  

"மொதல்ல பழசையே ஓட்டிக் காமி" என்றான்.

முதலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பட்டனை அவர் கையாலேயே அமுக்கச் சொன்னேன். மெஷின்கள் நின்றன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். அவர் மஞ்சளையே பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்னங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அது தப்பு அமுத்துனதுல இல்ல. எங்க புரோகிராம்ல."

அப்புறம்தான் ஜோசப்பிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்ட அந்த இரண்டு வரியைப் போட்டேன். மறுபடி அமுக்கினார். இரண்டும் பச்சை. அவர் எழுந்து, பூங்கொடி பக்கம் பார்க்காமலே, "அக்கா பையன பேக்கிங்ல போட்டுக்கறேன். நீ உக்காரு கண்ணு" என்றார். அவர் அளவுக்கு அது பெரிய மன்னிப்பு.

சைல்டு முடிந்ததா என்று பார்க்கும் புரோகிராம் நீங்களும் எழுதுவீர்கள். ஒரு சிக்னல் வந்தால் ஒருவர்தான் முடிந்தார் என்று நம்பாதீர்கள். பதில் தீரும்வரை கேளுங்கள். திருத்துவதற்கு முன்னால், அந்தத் தப்பு இதுவரை யார் தலையில் விழுந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் திருத்தினால் அந்தப் பழி அவர் தலையிலேயே கிடக்கும்.

கிளம்பும்போது பூங்கொடி வாசல்வரை வந்தாள்.

"அப்ப நான் அமுத்துனது சரிதானுங்களா?"

"சரிதான், சத்தியமா."

"நீங்க எப்பவும் வெளையாட்டுக்குச் சொல்லுவீங்க சார். எனக்காகச் சொல்றீங்களோன்னு இருக்குது. எழுதுனவரு சொன்னா நம்புவேனுங்க."

பஸ்ஸில் வரும்போது அதுதான் உறுத்தியது. கிண்டலே பேசித் திரிந்தவன் உண்மையைச் சொன்னால், அது இப்படித்தான் போய்ச் சேருகிறது. ஆபீஸில் ஜோசப் என்னைப் பார்த்ததும் ஸ்கிரீனை விட்டுத் திரும்பினான். அவள் கேட்டதை அப்படியே சொன்னேன்.

"நாளைக்கு நானே போய் அதுகிட்டச் சொல்றேன், நீ வராத" என்றான்.