பெத்தேரி தொகுதியும் சென்னம்மாவின் ரெண்டு விரலும்

பெத்தேரி என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. இப்போது தேடினால் கிடைக்காது. நாற்பது வருஷம் உயிரோடு இருந்து, ஒவ்வொரு தேர்தலுக்கும் எவன் மண்டையையாவது உடைத்து, கடைசியில் 2006-ல் சென்னம்மாவின் இடது கையில் ரெண்டு விரலை வாங்கிக்கொண்டுதான் செத்தது. வெட்டினவன் யார் என்று அவள் ஊரான தின்னேரியில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். வெட்டுப்பட்டவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் இருபது வருஷமாக அந்தப் பேர் அவள் வாயிலிருந்து வரவில்லை. உள்ளூர்க்காரர் யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். வெளியூர்க்காரர் கேட்டால் மாங்கூழ் ஃபேக்டரி மெஷினில் போச்சு என்பாள்.

ஒவ்வொரு தேர்தலிலும் கேட்பார்கள், பாவம், அவர்கள் தப்பில்லை. மை வைக்கிறவர் இடது ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்வார். அது இல்லை, பக்கத்து விரலும் இல்லை. மோதிர விரலை நீட்டுவாள்.

"என்னம்மா ஆச்சு?"

"மெஷின்ல போச்சுங்க."

அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு தடித்துப் போயிருந்தது.

தொகுதியின் யோக்கியதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இவள் கதை விளங்கும். கர்நாடக எல்லையில் கல்குவாரி மலையில் ஆரம்பித்து ராயக்கோட்டை ரோட்டில் வந்து முட்டுகிற தொகுதி அது. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, கால்வாசி கன்னடம், மிச்சம் தமிழ். திட்டும்போது மட்டும் மூன்றும் ஒன்றாக வரும். முதல் தேர்தலில் ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். அடுத்ததில், பெட்டியைக் காப்பாற்றப் போன தலையாரியைத் தூக்கிப் போட்டார்கள். ஓசூரில் கம்பெனிகள் முளைத்ததும் ஜல்லி விலை ஏறியது, குவாரிக்காரர்களுக்கு எம்.எல்.ஏ. ஆகிற ஆசையும் ஏறியது. அப்படி ஒருத்தருக்கு ஆள் அடிக்கிற வேலை பார்த்தவன்தான் மாதேஷ். அப்போது நாற்பது வயசு. குவாரி வெடியில் கல் சிதறுகிற தூரத்தில் நின்று பீடி பிடிப்பான். அவனைப் பார்த்தால் டீக்கடையில் பெஞ்சு தானாகக் காலியாகும்.

சென்னம்மாவின் புருஷன் கோவிந்தன் எதிர்க்கட்சிக்கு பூத் ஏஜெண்டாக இருந்தவன். ஜல்லி ஏற்றின டிப்பர் லாரி ஏறிச் செத்தான். பதினோரு மாசம் கழித்துத் தேர்தல் வந்தது. ஏஜெண்டாக உட்கார ஊரில் ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. கட்சிக்காரர்கள் இவளிடம் வந்தார்கள்.

"நீ சும்மா உக்காந்தா போதும்மா, பேர வாசிச்சா பட்டியல்ல ஒரு கோடு போடு."

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயசு, பத்து வயசில் சுகுணா என்று ஒரு பெண். ஊரில் எண்ணூறு ஓட்டுக்கும் முகம் தெரியும். போய் உட்கார்ந்தாள்.

மத்தியானம் பன்னிரண்டு பேர் பூத் இருந்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். காவலுக்கு இருந்த போலீஸ்காரரின் லத்தியைப் பிடுங்கி அவர் முழங்காலையே உடைத்தார்கள். கதவைச் சாத்தினார்கள். கையில் கொடுவாளோடு மாதேஷ் அட்டை மறைப்புக்குப் பின்னால் மெஷின் முன்னால் நின்றுகொண்டான். பூத் குமாஸ்தா பட்டியலை வாசிக்க, ஒவ்வொரு பேருக்கும் இவனே பொத்தானை அமுக்கினான். நாற்பது பேர் தாண்டியிருக்கும். குமாஸ்தா வாசித்தார்: "கோவிந்தன், தகப்பனார் பேர் திம்மராயன்."

சென்னம்மா எழுந்துவிட்டாள். "அவரு செத்துப் பதினோரு மாசம் ஆவுது!"

"அதனால என்ன? அவருக்காக நான் போடறன்" என்றான் மாதேஷ். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பியது. மறைப்புக்குள் ஓடி, இடது கையை விரித்து மெஷின் மேல் வைத்து மூடினாள்.

"ஏம்மே, எடு கைய."

எடுக்கவில்லை. கொடுவாள் இறங்கியது. அடி விழுந்த வேகத்தில் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கி, மெஷின் கீ என்று நீளமாகக் கத்தியது. கோவிந்தன் பேரில் ஒரு ஓட்டு விழுந்துவிட்டது. யாருக்கு விழுந்தது என்று அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். விரல் ரெண்டும் மெஷின் மேலேயே கிடந்தன. மாதேஷ் அவற்றைக் கொடுவாள் முனையால் கீழே தள்ளிவிட்டு, "அடுத்த பேர வாசிய்யா" என்றான்.

கேஸ் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு வர ரெண்டு வருஷம் ஆனது. சாட்சி சொல்கிற நாளுக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்த சுகுணாவை ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலம் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்கள். அடிக்கவில்லை. பின்னிய ஜடையை மட்டும் கழுத்தோடு ஒட்ட அறுத்து, அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். குழந்தை மூன்று நாள் பேசவில்லை. அப்புறம் பெற்றவள் என்ன செய்வாள்? கூண்டில் ஏறினாள். எதிரே மாதேஷ் வெள்ளைச் சட்டையில் நின்றான். "வெட்டியது யார்?" என்று கேட்டார்கள். "தெரியாதுங்க" என்றாள்.

அந்த வருஷமே எல்லைகளைத் திருத்தி, பெத்தேரியை மூன்று துண்டாக்கி ஓசூர்ப் பக்கம் ஒன்று, தளிப் பக்கம் ஒன்று, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒன்று என்று சேர்த்துவிட்டார்கள். "தொகுதியும் போச்சு, கேசும் போச்சு" என்று டீக்கடையில் தொடை தட்டினானாம் மாதேஷ். சென்னம்மா காதுக்கு அது வந்து சேர்ந்தது. கோர்ட்டில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

கட்சிக்காரர்களுக்கு அவள் கை நல்ல சரக்கு. மேடைக்கு மேடை ஏற்றி, "காட்டும்மா, காட்டு" என்பார்கள். தூ! அவளும் காட்டுவாள். பேர் மட்டும் வராது. தேர்தல் வந்தால் ஏஜெண்டாக உட்காருவாள், மற்ற நாளில் மாங்கூழ் ஃபேக்டரியில் காம்பு கிள்ளுவாள். சுகுணா வளர்ந்து, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய், கல்யாணமும் ஆயிற்று. அவள் இன்றைக்கும் தலைமுடியை வளர்ப்பதில்லை.

இந்தத் தேர்தலுக்கு பூத் சிலிப் கொடுக்க வந்தவள் அங்கன்வாடி டீச்சர் அருணா. ஆள் இல்லாத சிலிப்புகளை வைத்துக்கொண்டு, யார் ஊர் மாறினார்கள், யார் செத்தார்கள் என்று ஏஜெண்டுகளிடம் விசாரித்தாள்.

"மாதேஷ், தகப்பனார் பேர் முனியப்பா. இவரு ஊட்டுல யாருமே இல்லையேக்கா?"

மாதேஷ் பக்கவாதம் வந்து ஜவளகிரியில் மகள் வீட்டில் கிடப்பது சென்னம்மாவுக்கு நன்றாகத் தெரியும். "அவன் செத்துட்டான்" என்றாள். அருணா நீட்டிய இறந்தவர் பட்டியலில் கையெழுத்தும் போட்டாள். அன்றைக்கு ஆட்டுக்கறி எடுத்து ஆக்கி வயிறு நிறையத் தின்றாள்.

தேர்தலன்று மூன்று மணிக்கு பூத் வாசலில் கறுப்புக் கண்ணாடி கார் வந்து நின்றது. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்து அனுப்புகிற ஹரீஷ்குமார் இறங்கி, தன் அப்பன் மாதேஷைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். கிழவனின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, கால் இழுத்தது. பூத்துக்குப் பொறுப்பாக வந்தவர் ரஞ்சிதா, நாமக்கல் பக்கத்து டீச்சர். பட்டியலைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார். அதிலிருந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"இவரு இறந்தவர் பட்டியல்ல இருக்காருங்களே."

அவ்வளவுதான். ஹரீஷ்குமார் பெஞ்சை எட்டி உதைத்தான். குறுக்கே வந்த ஒரு ஏஜெண்டின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். அந்த ஆளுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

"எவன்டா எங்கப்பன சாவடிச்சது?" என்று மேஜையிலிருந்த பட்டியலைப் பிடுங்கினான். அடியில் சென்னம்மா என்று இருந்தது.

அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேஜையில் இடித்தான். உதடு பிளந்தது. ரெண்டாவது தடவை இடிப்பதற்குள் ரெண்டு போலீஸ்காரர்கள் அவன் முதுகில் லத்தியை இறக்கி, கையை முறுக்கிச் சுவரோடு அழுத்தினார்கள்.

ரஞ்சிதா நாற்காலியை விட்டு எழவில்லை. "ஓட்டுப் போடலாம்ங்க. ஆனா இவரு அந்த மாதேஷ்தான்னு யாராச்சும் அடையாளம் சொல்லணும். ஏஜெண்டுங்க சொல்றீங்களா?"

மற்ற ஏஜெண்டுகள் ரெண்டு பேரும் மதுரைப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்து குடியேறினவர்கள். மாதேஷைக் கண்ணால் பார்த்ததில்லை. வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள்.

சென்னம்மாவும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் செத்தவனாகவே வீட்டுக்குப் போவான். இதைவிட வேறென்ன பழி வேண்டும்? ஆனால் யார் என்று மறுபடியும் கேட்கிறார்கள், அவன் மறுபடியும் எதிரே நிற்கிறான். இன்னொரு தடவை தெரியாது என்று இருக்க அவளால் முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் சொல்றன். இவன் செத்துட்டான்னு கையெழுத்துப் போட்டது பொய்ங்க. வேணும்னேதான் போட்டன். இவன் மாதேஷ். முனியப்பா மகன்."

"உங்களுக்கு இவர எப்புடிம்மா தெரியும்?"

இடது கையை விரித்து மேஜை மேல் வைத்தாள். "பெத்தேரி தொகுதியோட கடைசித் தேர்தல்ல, இதே ரூம்புல, கொடுவாள்ல இதை வெட்டினவன் இவன்தான். மாதேஷ்! கோர்ட்டுல தெரியாதுன்னேன். எம் பொண்ணு உசுருக்குப் பயந்து சொன்னேன். தெரியும். எனக்கு நல்லாத் தெரியும்!"

கடைசியில் கத்திவிட்டாள். வாயிலிருந்து ரத்தம் தெறித்தது.

ரஞ்சிதா அவள் சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல், தாளில் எழுதினார். எழுதி முடித்து மாதேஷ் பக்கம் திருப்பினார். "இந்தம்மா சொல்ற மாதேஷ் நீங்கதானுங்களா? ஆமான்னா இதுக்கு அடியில ஒரு கைநாட்டு வெச்சுட்டு ஓட்டுப் போடுங்க."

சுவரோடு நின்ற ஹரீஷ்குமார் கத்துவதை நிறுத்தியிருந்தான். "சொல்லுப்பா, அவ பொய் சொல்றான்னு சொல்லு" என்றான்.

மாதேஷ் அந்தக் கையையே பார்த்தான். மை டப்பாவைப் பார்த்தான். கோணின வாயிலிருந்து வார்த்தை குழறிக்கொண்டு வந்தது.

"அந்த மாதேஷ் செத்துட்டான்மா. பட்டியல்ல இருக்கறதே இருக்கட்டும்."

காலை இழுத்துக்கொண்டு அவனே திரும்பி நடந்தான். போலீஸ்காரர்கள் மகனை ஜீப்பில் ஏற்றினார்கள். அப்பனைக் கைத்தாங்கலாகப் பிடிக்க ஆள் இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனான். வரிசை விலகி வழி விட்டது, இந்தத் தடவை பயந்து அல்ல.

பொய்க் கையெழுத்துக்கு நடவடிக்கை வரலாம் என்றார் ரஞ்சிதா. "வரட்டுங்க" என்றாள் சென்னம்மா. காலையில் மை வைத்தவரிடம் போய், "மெஷின்ல போவலீங்க, காலைல நான் சொன்னது பொய்" என்றாள். ஆறு மணிக்குப் பூத்தை மூடியதும் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு சுகுணாவுக்குப் போன் போட்டாள்.

"சுகுணா, பேரச் சொல்லிட்டன்டி."

யார் பேர் என்று அவள் கேட்கவில்லை. பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் கேட்டது. அதற்கு மேல் அவள் அழுகிற சத்தம் கேட்டது.