மூன்று புள்ளி, ஒரு கோடு

இங்கே மலேசிய மலைப்பகுதியில், கியா பார்ம் சாலையோரத்தில் காய்கறி விற்கும் சீனப் பெண் ஒருநாள் என் கையில் கத்தியைக் கொடுக்க வந்தாள். முட்டைக்கோஸின் அடிக்கட்டையை வெட்டித் தரச் சொல்லியிருந்தேன். அவள் வேறொருவருக்கு நிறுத்துக்கொண்டிருந்ததால், நீயே வெட்டிக்கொள் என்று கத்தியை நீட்டினாள். நான் இரண்டடி பின்வாங்கினேன். பலகைமேல் வை என்று சாடை காட்டினேன். கத்தி அழுக்காக இருக்கிறது என்கிறேன் போலும் என்று நினைத்து, இடுப்புத் துணியில் துடைத்து மறுபடியும் நீட்டினாள். நான் மறுபடியும் பின்வாங்க, வாளித் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் கட்டையோடு முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும். கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அறுந்துபோவதற்கு அந்தப் பெண்ணோடு எனக்கு என்ன உறவு என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் எனக்கு ஒருமுறை அறுந்திருக்கிறது. அதனால் கை போகவில்லை.

நான் கொல்லர் வீட்டுப் பெண். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டை ஒட்டியே அப்பாவின் உலை. அவர் அடிக்கும் ஒவ்வொரு கத்தியிலும் பிடிக்குச் சற்று மேலே மூன்று புள்ளி, அதற்குக் கீழே சாய்வாக ஒரு கோடு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கு அதுதான் கையெழுத்து. எழுபத்திரண்டில், மலேசியாவிலிருந்து பெண் தேடி வந்த ராமையாவுக்கு வாக்கப்பட நான் சம்மதித்தபோது அப்பா தாம் தூமென்று குதித்தார். "கடலுக்கு அங்கிட்டுக் குடுக்கவா ஒத்தப் பொம்பளப் புள்ளய வளத்தேன்?" என்றார். எனக்கும் அவருடைய கோபம்தானே. போவேன் என்றால் போவேன் என்று நின்றேன். கல்யாணம் நடந்தது. அப்பா பந்தலில் ஒரு மூலையில், வேற்றாள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

புறப்பட்ட அன்று காலையிலும் உலையில் சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டி வந்து நின்றதும் சத்தம் நின்றது. அப்பா கையில் ஒரு புதுக் கத்தியோடு வந்தார். என் வலது கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, கத்தியின் பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். சந்தையில் முன்பின் தெரியாதவனுக்குக்கூடக் கத்தியைச் சாக்கில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் மனிதர் அவர். அம்மா "ஐயோ, என்ன காரியம் செய்றீக" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அறுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. கத்தியை வாசற்படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன். கடிதம் போட மாட்டேன் என்று கப்பலிலேயே முடிவு செய்துவிட்டேன். அம்மா அடுத்த வருடமே காலமானாள். அதைக்கூட ஊரிலிருந்த ராமையாவின் சித்தப்பா எழுதித்தான் அறிந்தேன். பிறகு அந்தச் சித்தப்பாவும் போய்ச் சேர, ஊரோடு இருந்த கடைசி நூலும் விட்டுப்போயிற்று.

இங்கே வந்த இரண்டாம் வருடம், நாங்கள் அப்போது இருந்த ரிங்லெட் ஊரில் ஒரு கடையில் அரிசி வாங்கக் காத்திருந்தேன். தரையில் ஒரு சாக்கை விரித்துக் கத்திகளைக் குவித்திருந்தார்கள். சும்மா குனிந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. "ஊர்க் கத்தி, பினாங்குக்குக் கப்பல்ல வருது" என்றார் கடைக்காரர். அப்பா அதுவரை உள்ளூர்ச் சந்தையைத் தாண்டி விற்றதே இல்லை. இப்போது அவர் கத்தி நானிருக்கும் மலையைத் தேடி வந்து, தரையில் கிடக்கிறது. நான் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு வருடா வருடம் அந்தச் சாக்கைப் போய்ப் பார்ப்பது எனக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது. ரிங்லெட்டை விட்டுப் பிரிஞ்சாங்குக்கு மேலே வேறு தேயிலை எஸ்டேட்டுக்கு மாறிய பிறகும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். புதுக் கத்தி வந்திருந்தால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று பொருள். கடிதம் எதற்கு? நாலைந்து வருடம் கழித்து, மூன்றாவது புள்ளி மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் இறங்கி விழுந்திருப்பதைக் கவனித்தேன். பகீரென்றது. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று ராமையாவிடம் சொன்னேன். "ஒரு கடுதாசி போடேன் புள்ள. கை ஒடிஞ்சா போவும்?" என்றார். "அவரு போடட்டும், நான் போடுறேன்" என்றேன். கத்தி வந்துகொண்டிருந்த தைரியம் எனக்கு.

எண்பத்து மூன்றில் தானா ராத்தாவில் ஒரு மண்டபத்தில் கைவேலைக் கத்திகளுக்குக் காட்சி நடந்தது. செய்கிறவர்களே வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். பூக்காட்சிக்குப் போவார்கள், கோழிக்காட்சிக்குக்கூடப் போவார்கள், கத்தியை யார் போய்ப் பார்ப்பார்கள் என்று சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை, போகலாம் என்று ராமையாதான் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்து பார்த்தால், கத்திகளை நகை மாதிரி வெல்வெட் துணியில் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் செய்தவரின் பெயர் அட்டையில் எழுதி வைத்திருந்தது. என் அப்பாவின் பெயரை அவரிடம் கத்தி வாங்கியவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. லிப்பிஸிலிருந்து வந்திருந்த மலாய்க்காரர் ஒருவர் தன் பாராங் கத்தியால் காகிதத்தைச் சத்தமே வராமல் கிழித்துக் காட்டினார். வேலையை விட்டு ஓய்ந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், மான்கொம்புப் பிடி போட்டுத் தானே செய்த கத்திகளைப் பரப்பி வைத்திருந்தார். இது எதை வெட்டும் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். எதையும் வெட்டியதில்லை என்றார் பெருமையாக. நான் அனுதாபத்தோடு தலையாட்டினேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கடைசி மேசையில் வெல்வெட் இல்லை. சீனச் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் எஸ்டேட் கத்திகளை அடுக்கியிருந்தார் ஒரு சீனர். மலையடிவாரத்துத் தாப்பாவில் பட்டறை வைத்திருப்பவர், தடித்த கைகள், ஐம்பது வயதிருக்கும். முதல் கத்தியைப் பார்த்தேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. பக்கத்துக் கத்தியிலும் அதுவே. வரிசை முழுக்க அதுவே.

"தவுக்கே, இந்தக் கத்தி எங்கேருந்து வருது?" என்று கேட்டேன்.

சீன முதலாளியைத் தவுக்கே என்றுதான் இங்கே கூப்பிடுவோம். எஸ்டேட்காரர்களோடு பழகிப் பழகி அவருக்குக் கடைத்தமிழ் நன்றாக வந்தது. "எங்கேருந்து வருது? என் கையிலேருந்து வருது லா" என்றார்.

"இந்த அடையாளம்?"

"சாப்பா? முத்திரைதானே? அதுவும் நான்தான்." தகர டப்பாவைத் திறந்து ஓர் இரும்பு அச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் முகத்தில் மூன்று சின்ன மேடும் ஒரு கோடும் இருந்தன. ஒரு மேடு ஓரத்தில் சிதைந்து கீழே இறங்கியிருந்தது. "ஒருவாட்டி கீழ விழுந்து உடைஞ்சிச்சி. பரவால்ல, யாரும் பாக்கறது இல்ல."

நான் பார்த்தேன். வருடக்கணக்காக அதைப் பார்த்து அப்பாவின் நடுங்கும் கையை நினைத்துக் கலங்கியிருக்கிறேன். ராமையாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"முன்ன இண்டியாவுலேருந்து வந்துச்சி. அசல் கத்தி, ரொம்ப நல்ல கத்தி" என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "அப்புறம் வரல. இந்தச் சாப்பு இல்லாட்டி தமிழாளு தொட மாட்டான். கடைக்காரன் என்னைக் கேட்டான். நான் போட்டேன்."

"எப்ப நின்னுச்சி?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "என் சின்ன மகன் பொறந்த வருஷம். இப்ப அவனுக்கு ஏழு வயசு."

ஏழு வருடம். ஏழு வருடமாக நான் நலம் விசாரித்தது தாப்பாவில் இருக்கும் ஒரு சீனரை. அடக்க முடியாமல் ஓவென்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் பயந்துபோனார். கள்ளச் சாப்பு என்று நான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, அவசர அவசரமாகச் செய்தித்தாளைத் தூக்கிக் கத்திகளை மூடினார்.

"தங்கச்சி, சண்டை வேணாம் லா. புதுசு ஒண்ணு எடுத்துக்கோ, காசு வேணாம்." ஒரு கத்தியை எடுத்து என் பக்கம் மேசையில் வைத்துவிட்டுக் கையை விலக்கிக்கொண்டார். "கையில குடுக்கக் கூடாது, எனக்குத் தெரியும். தமிழாளு கோவிச்சுக்குவாங்க."

"சண்டைக்கு வரல தவுக்கே. இது எங்கப்பாவோட சாப்பு."

அவர் என்னைப் பார்த்தார், அச்சைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பிறகு, யாரும் யாரிடமும் கேட்கக்கூடிய ஒன்றைத்தான் மெதுவாகக் கேட்டார். "அப்பா நல்லா இருக்காரா?"

உலகத்திலேயே எளிதான கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் அப்பாவோடு இருந்த என் தம்பி முருகேசனுக்குக் கடிதம் எழுதி முடித்தேன். பதினொரு வருடத்தில் முதல் கடிதம். நலமா என்று ஆரம்பிக்கவே கை கூசியது. அப்பா இருக்கிறாரா என்று நேராகவே கேட்டுவிட்டேன். பதில் வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் நான் கொழுந்து எடுத்தேன், சமைத்தேன், தூங்கினேன் என்றுதான் நினைக்கிறேன். எதுவும் ஞாபகமில்லை. வீட்டில் இருந்த நாலு கத்திகளையும் தண்ணீர்த் தொட்டிமேல் வரிசையாக வைத்து, எது அப்பா, எது தவுக்கே என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் போலக் கப்பலேறி வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரோஷத்தில் எழுதாமல் விட்ட கடிதம் இருந்தால், இதைக் கீழே வைத்துவிட்டுப் போய் எழுதுங்கள்.

உறையில் தம்பியின் கையெழுத்தைக் கண்டதும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. ராமையாதான் பிரித்துப் படித்தார். அப்பா இருக்கிறார். ஆனால் எழுபத்தாறில் இரண்டு கண்ணும் போய்விட்டன. உலை அத்தோடு நின்றது. அதற்கு முன்னே நாகப்பட்டினத்து வியாபாரி ஒருவர் மலேசியாவுக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பாவே இரண்டு பஸ் மாறிப் போய் அவரைப் பிடித்தாராம். "எதுக்குன்னு நாங்க கேக்கல. அவரும் சொல்லல" என்று எழுதியிருந்தான். ரிங்லெட் விலாசத்துக்கு அவன் போட்ட கடிதங்கள் திரும்பி வந்துவிட்டனவாம். கடைசிப் பத்தியை, அப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டிருந்தான். ராமையா அதைப் படிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தித் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"கையில குடுத்தது தப்புத்தான். தரையில வச்சா, கோவத்துல எடுக்காமப் போயிருவாளோன்னு பயந்துபோயிக் கையில திணிச்சுட்டேன். அவ படியில வச்சுட்டுப் போயிட்டா. வச்ச எடத்துலதான் இன்னமும் இருக்கு. நான் தெனமும் தடவிப் பாத்து எண்ணெ போட்டுக்கிட்டு வாறேன், துருப்பிடிக்கல. ஒருத்தரையும் எடுக்க விடல. இப்பத் தரையிலதான் வச்சிருக்கேன்னு சொல்லு. வந்து எடுத்துக்கிடச் சொல்லு."

அறுந்துவிட்டது என்று பதினொரு வருடமாக நான் நினைத்திருந்தது, அறுந்துவிடக் கூடாதே என்று அவர் பயந்த பயம்.

உடனே ஓடிவிட முடிந்தால் ஓடியிருப்பேன். என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை. வெளியே போனால் திரும்பி உள்ளே வருவதற்கு அனுமதித் தாள் வேண்டும். இரண்டு பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள், அவர்களுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை. தாள் இல்லாமல் போனால் அப்பாவிடம் போய்ச் சேரலாம், பிள்ளைகளிடம் திரும்ப முடியாமல் போகலாம். எழுதிப் போட்டிருக்கிறோம். வரும் என்கிறார்கள்.

போன வாரம் கியா பார்முக்குப் போயிருந்தேன். முட்டைக்கோஸை எடுத்ததும், அந்தச் சீனப் பெண் இந்த முறை கத்தியை நீட்டவில்லை. யாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ, பலகையைத் துடைத்து, கத்தியை அதன்மேல் வைத்து, பிடியை என் பக்கமாகத் திருப்பிவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். சாய்ந்த கோட்டுக்கு மேலே மூன்றாவது புள்ளி இறங்கியிருந்தது. தாப்பாக்காரரின் கத்தி. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீண்டும் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அவள் பதறியிருக்க வேண்டும்.

"அம்பில் லா, அக்கா" என்றாள். "எடுத்துக்கோ" என்று தமிழிலும் சொல்லிப் பார்த்தாள்.

கையை நீட்டினேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஊரில், வாசற்படியில், நான் வந்து எடுப்பதற்காக ஒரு கத்தி இன்னும் காத்துக் கிடக்கிறது.