எட்டு மணிக்கு வந்தவர்கள்

ஒரு காலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்தச் சொந்தக்கார வீட்டுக்குப் போனாலும் கண்ணாடி அலுமாரிக்குள் தம்பியின் சீடி நிற்கும். பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கும் யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடிக் குவளைகளுக்கும் நடுவில், தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு எங்கோ பார்த்தபடி நிற்பான். சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை யாரும் கிழித்திருக்க மாட்டார்கள். போட்டுக் கேட்டீர்களா என்றால், பிரித்தால் பழுதாகிவிடும் என்பார்கள். வாங்குவது கடமை, கேட்பது அவரவர் விருப்பம் என்ற இந்த நியாயம் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

தம்பி என்று நான் சொல்வது சின்னம்மாவின் மகனை. லண்டனில் பிறந்தவன், ஆங்கிலத்தில் பொப் ரொக் பாடியவன். அவனுக்கு இருபது வயது கடந்த புதிதில் அவனுடைய பாட்டு ஒன்று அங்கே ஒரு கோடை முழுவதும் வானொலியில் ஓடியது. பஸ்ஸில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதை முணுமுணுத்தார்கள் என்று சின்னம்மா தொலைபேசியில் அழுதார். அத்தோடு சரி. இரண்டாவது தொகுப்பு விலைப்படவில்லை. மூன்றாவதை இசைத்தட்டு நிறுவனம் வெளியிடவே இல்லை. பிறகு மதுச்சாலைகள், உல்லாசக் கப்பல்கள், பெரிய குழுக்கள் மேடையேறும் முன் அரை மணி நேரம் பாடி ஆட்களைச் சூடாக்கும் வேலை. போன இடமெல்லாம் அந்தப் பழைய பாட்டைத்தான் கேட்டார்கள். அவனுக்கோ அதன் பெயரைச் சொன்னாலே முகம் கறுத்துவிடும். மேடையில் அதைத் தொடுவதில்லை என்று பிடிவாதம். உனக்குச் சோறு போட்டது அதுதானே, பாடித் தொலையன் என்று நான் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். சிரிப்பான், கேட்க மாட்டான்.

நாற்பதை எட்டிப் பிடிக்கும் வயதில் ரொறன்ரோவுக்கு வந்தான். பார்க்டேலில் ஒரு சிறிய இசைக்கூடத்தில், இன்னொரு குழுவுக்கு முன்னால் பாட வேண்டும். அன்று ஓர் ஏற்பாட்டாளர் வந்து பார்ப்பதாகப் பேச்சு. அவருக்குப் பிடித்தால் கனடா முழுவதும் சுற்றும் ஒரு பெரிய நிகழ்ச்சியில் தம்பிக்கு இடம். பிடிக்காவிட்டால் பாட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அந்த ஏற்பாட்டாளருக்கு இவன் குரலைப் பற்றிச் சந்தேகம் இல்லை. இவனுக்காக ஆட்கள் வருவார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டுமாம். "அதுக்கென்ன அக்கா, ரொறன்ரோவில எனக்கு ஆக்கள் இருக்கினம்தானே" என்றான். அந்த ஆக்களைத் திரட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது.

நான் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். பிந்தி வருகிறவர்களை வேறொரு நாளைக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்புவது என் தொழில். எங்கள் சனத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அழைப்பிதழில் ஆறு என்று போட்டால் ஏழரைக்குத்தான் குளிக்கப் போவார்கள். அதனால் ஏழு மணி நிகழ்ச்சியை ஆறு மணி என்று சொல்லியே வீடு வீடாக டிக்கெட் கொடுத்தேன். இது தமிழ் விழா இல்லை, வெள்ளைக்காரர் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். எங்கள் தெருமுனை வீட்டு அன்ரி மட்டும் உண்மையைச் சொன்னார். "நீர் ஆறு எண்டுறீர் பிள்ளை, அப்ப எப்பிடியும் எட்டாகும்."

ஏழு மணிக்குத் தம்பி மேடையேறினான். கூடத்தில் நான், குடிவகை ஊற்றுகிற பெண், சுவரோரம் இரண்டு மாணவர்கள், பின்னால் அந்த ஏற்பாட்டாளர். வாசலுக்கும் மேடைக்கும் நடுவே ஓடி ஓடி எனக்குக் கால் வலித்தது. ஒருவர் தொலைபேசியில் வெளிக்கிட்டுவிட்டோம் என்றார், பின்னால் குளியலறைக் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. தம்பி ஒன்றையும் குறைக்கவில்லை, நிறைந்த கூடத்துக்குப் பாடுவது போலப் பாடினான். நான் தட்டினால் ஒற்றைக் கைதட்டலாகக் கேட்டது, தட்டாவிட்டால் அதைவிட அவமானமாக இருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் ஏற்பாட்டாளர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். என்னைக் கடக்கும்போது நல்ல குரல் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மரியாதையான மனிதர். எனக்குத்தான் அவருடைய சட்டையைப் பிடித்து இருத்திவைக்க வேண்டும் போல இருந்தது.

தம்பி கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது எங்கள் சனத்தின் வான் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. எட்டு மணியாகியும் கோடை வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பட்டுச் சேலை, அட்டியல், தலையில் மல்லிகை. அங்கிள் ஒருவர் வீடியோக் கமராவோடு இறங்கினார். தெருமுனை அன்ரி இரண்டு தட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸோடு இறங்கினார். வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று காவலாளி மறித்தான். எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் அன்ரி, "தொடங்கியாச்சோ தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லை அன்ரி," என்றான். "உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

உள்ளே அடுத்த குழு மேடையைப் பிடித்துவிட்டது. அதனால் பின்பக்க பார்க்கிங் லொட்டில், ஒலிவாங்கி இல்லாமல், வான்களுக்கு நடுவில் நின்று பாடினான். எங்கேயும் பாடமாட்டேன் என்ற அந்தப் பழைய பாட்டையும் பாடினான், யாரோ திரும்பக் கேட்க அதையே இரண்டாம் முறையும். சனம் தப்பான இடங்களில் கைதட்டியது. பிள்ளைகள் ரோல்ஸ் சாப்பிட்டபடி ஆடினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவனை ஏசினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இதுகளுக்கு ஒரு தரமாவது உறைத்திருக்கும், உன் வாழ்க்கையையே தின்றுவிட்டு ரோல்ஸும் தின்றுவிட்டுப் போகுதுகள் என்று கத்தினேன். அவன் கார்க் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "எனக்கெண்டு ஒருத்தரும் இப்பிடி உடுத்துக்கொண்டு வந்ததில்லை, அக்கா." அதற்குமேல் நான் கத்தவில்லை. ஆனால் கோபம் போகவும் இல்லை, இன்றைக்கும் போகவில்லை.

அவன் லண்டனில் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டான். பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி, ஆட்கள் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகு தெருமுனை அன்ரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சேலையைச் சரிசெய்துகொண்டே தம்பியை விசாரித்தார். படிப்பிக்கிறான் என்றேன். உச்சுக்கொட்டினார்.

"அண்டைக்கு நாங்கள் இத்தனை பேர் திரண்டு போயும் அவனுக்கு ஒண்டும் சரிவரேல்லையே, பிள்ளை."

அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவனை நினைத்துக்கொண்டேன்.

"ஓம் அன்ரி," என்றேன். "நீங்கள் எல்லாரும் வந்தனீங்கள்தானே."