அப்பா தட்டிய கேள்விக்குறிகள்

தொண்ணூற்றொன்பதில், அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் இளமாறனைத்தான் கூப்பிடுவார்கள். ஃப்ளாப்பியில் ஃபான்ட் கொண்டுபோய்ப் போட்டுக்கொடுத்து, காபி குடித்துவிட்டு வருவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்வானேன்.

கோபிசெட்டிபாளையத்தில் அப்பா நஞ்சப்பனுக்குத் தொண்டையில் கேன்சர் வந்து குரல் அடியோடு போனது. "பேச்சு வராட்டி என்னங்கப்பா, டைப் பண்ணுங்க" என்று அங்கேயிருந்த பிரவுசிங் சென்டருக்கு அதே ஃபான்ட்டை அனுப்பிவைத்தான். இவன் எழுதிய மெயில் அங்கே அழகாகத் தெரிந்தது. அங்கிருந்து வருவது இங்கே தெரியுமா என்று பார்க்கத் தோன்றவில்லை. வேலையோ சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதைதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அப்பாவின் மெயில் வந்தது. திரை முழுக்கக் கேள்விக்குறி. கட்டமாக இருந்தால் ஃபான்ட்டை மாற்றிப் படித்துவிடலாம். இது வேறு. வழியில் ஏதோ ஒரு சர்வர் தனக்குப் புரியாத எழுத்தையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டு, ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு கேள்விக்குறியை வைத்திருந்தது. உள்ளே எழுத்தே இல்லை. எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

சென்டருக்கு போன் பண்ணினான். அங்கிருந்த நகலிலும் அதேதான். "எங்களையெல்லாம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு ஐயாவே தட்டினாருங்க. மத்தியானம் பூராவும்" என்றார் கடைக்காரர்.

"மாமாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. பேப்பர்ல எழுதிக் காட்டட்டும்" என்றாள் மனைவி வான்மதி.

சொல்லத்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான். லைன் கிடைப்பதற்குள் போதும் போதுமென்றாகி, அங்கே ஆபரேஷன் நேரமும் வந்துவிட்டது. அம்மா ராமாத்தாள் எடுத்தாள்.

"ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு கண்ணு. மெயில் படிச்சியான்னு சைகையிலயே கேட்டுட்டிருக்கறாரு. என்ன எழுதினாருன்னு எங்கிட்டக்கூடச் சொல்லமாட்டேங்கறாரு. வெரசாப் பேசு" என்று ரிசீவரை அப்பாவின் காதில் வைத்தாள்.

மூச்சு மட்டும் கேட்டது. படிக்கவில்லை என்று சொல்லி அந்த மனுஷனை எப்படி உள்ளே அனுப்புவது?

"படிச்சேனுங்கப்பா. நீங்க சொன்னபடியே செய்யறேன். சத்தியமா."

கொஞ்சம் கழித்து மறுபடியும் அம்மாவின் குரல் வந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

"இந்த போனைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டே போறாரு, சாமி. எதைச் செய்யறேன்னு சொன்னே?"